பாம்புக் குட்டி ஆணா பெண்ணா: எதை வைத்து, எப்போது உறுதியாகச் சொல்லலாம்?

மூன்று மாதமான இரண்டு கார்ன் ஸ்நேக் குட்டிகளை வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர் வாலைப் பார்த்தே ஒன்று ஆண், ஒன்று பெண் என்று சொல்லியிருக்கிறார். வளர்ந்ததும் ஜோடி சேர்த்து முட்டை எடுக்க ஆசைப்படுகிறீர்கள். வீடியோக்களில் காட்டுவதுபோல வாலடியை விரலால் அழுத்தி நீங்களே பார்த்துவிடலாமா, அல்லது நீங்கள் போட்டிருக்கும் படங்களை வைத்து யாராவது சொல்லிவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குட்டியின் பாலினத்தை எந்த முறையில் கண்டுபிடிப்பது என்பது ஒன்று. அப்படிக் கிடைக்கும் விடையை இனப்பெருக்கத்துக்கு நம்பலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் எங்கும் கிடைக்கும். இரண்டாவதைத்தான் பலரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நான் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர். பாலினம் பார்த்துச் சொல்லுங்கள் என்று வருபவர்களும் உண்டு, வீட்டிலேயே பார்க்கப்போய் வால் வீங்கிய குட்டியோடு வருபவர்களும் உண்டு. அதனால் என் பதில் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கும். சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன்: படத்தை வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். அழுத்திப் பார்ப்பதை நேரில் பழகாமல் செய்யாதீர்கள். உங்களுக்கு அவசரமும் இல்லை. இனி விவரமாகப் பார்ப்போம்.

ஆண் பாம்புக்குப் புணர்ச்சி உறுப்பு ஒன்றல்ல, இரண்டு. ஹெமிபீனிஸ் என்று அழைக்கப்படும் அவை வெளியே தெரியாது. கழிவுத் துளைக்குப் பின்னால், வாலின் அடிப்பகுதிக்குள், இடதும் வலதுமாக, கையுறையின் விரலை உள்பக்கமாகத் திருப்பிவிட்டதுபோல மடங்கிக் கிடக்கும். அவற்றை உள்ளே இழுத்துப் பிடித்து வைக்கத் தனித் தசைகள் இருக்கின்றன. இந்தத் தசைகளை மறந்துவிடாதீர்கள், கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு இவைதான் காரணம். பெண் பாம்புக்கு அந்த இடத்தில் நீண்ட குழிகள் கிடையாது, ஆழம் குறைந்த சிறு பைகள் மட்டுமே இருக்கும். வாலடியில் நாற்றச் சுரப்பிகள் ஆண், பெண் இரண்டுக்குமே உண்டு. பெண் பாம்பின் வாலுக்குள்ளும் ஹெமிகிளிட்டோரிஸ் என்ற இரட்டை உறுப்பு இருப்பதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு ஒன்பது இனங்களில் விளக்கமாகக் காட்டியது. அதற்கு முன்பு பலரும் அதை நாற்றச் சுரப்பி என்றோ வளர்ச்சியடையாத ஆணுறுப்பு என்றோ நினைத்திருந்தார்கள். நிபுணர்களே இத்தனை காலம் குழம்பிய இடம் அது. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நாம் குழம்புவதில் ஆச்சரியமில்லை.

இந்த உடலமைப்பிலிருந்து கிடைக்கும் ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும். ஹெமிபீனிஸ் இரண்டும் வெளியே வந்து கண்ணால் பார்த்துவிட்டால், நாம் வளர்க்கும் இனங்களில் அது ஆண் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். அவை வெளியே வரவில்லை என்றால் பெண் என்று அர்த்தமாகிவிடாது. பெண்ணாகவும் இருக்கலாம், தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்ட ஆணாகவும் இருக்கலாம், அழுத்தியவருக்குக் கைப்பழக்கம் போதாமலும் இருக்கலாம். ஆணுக்கு நேரடிச் சாட்சி கிடைக்கிறது. பெண் என்ற முடிவோ, குட்டிப் பருவத்தில் பெரும்பாலும் எதையும் காணாததை வைத்து எடுக்கும் முடிவு. “பெண்” என்று சொல்லி விற்ற குட்டி பின்னால் ஆணாகிப்போன கதைகள் அதிகமாகவும், மறுபக்கக் கதைகள் குறைவாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். பெண் குட்டி என்று யாராவது உறுதியாகச் சொன்னால் எந்த முறையில் பார்த்தீர்கள், எத்தனை முறை பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

இப்போது வாலுக்கு வருவோம். ஹெமிபீனிஸுக்கு இடம் வேண்டும் என்பதால் ஆணின் வால் பொதுவாக நீளமாக இருக்கும். கழிவுத் துளையைத் தாண்டியும் கொஞ்ச தூரம் அதே பருமனோடு போய் அப்புறம்தான் குறுகும். பெண்ணின் வால் துளையிலிருந்தே குறுகத் தொடங்கும், நீளமும் குறைவு. வளர்ந்த பாம்பில் இது நல்ல அடையாளம்தான். ஹாக்நோஸ் பாம்புகளில் இந்த வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரியும், பழகிய கண்ணுக்கு இளம் வயதிலேயே பிடிபடும். கார்ன் ஸ்நேக் குட்டியில் அவ்வளவு தெளிவு கிடையாது. ஒரே அடையில் பிறந்த பத்துப் பதினைந்து குட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடலாம். ஆனால் ஒரே ஒரு குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வால் நீளமா குட்டையா என்று சொல்ல, எதோடு ஒப்பிடுவது? நடுவில் விழும் குட்டிகளும் எப்போதும் சில இருக்கும். படத்தில் பார்க்கும்போது கோணம், வெளிச்சம், வாலை வளைத்திருக்கும் விதம் என்று எல்லாமே ஏமாற்றும். உங்கள் படங்களில் ஒன்றின் வால் கொஞ்சம் தடிமனாகத்தான் தெரிகிறது. அதை ஒரு ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவரும் ஊகித்திருக்கிறார், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட அழுத்திப் பார்க்கும் முறைக்கு பாப்பிங் என்று பெயர். முட்டையிலிருந்து வெளிவந்த முதல் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் உள்ளிழுக்கும் தசைகள் அப்போது இன்னும் வலுவாகவில்லை. பாம்பை மல்லாக்கப் பிடித்து, ஒரு கட்டைவிரலால் கழிவுத் துளையின் மேல்விளிம்பை மெல்லத் தலைப்பக்கமாக இழுத்துத் திறக்கவேண்டும். இன்னொரு கட்டைவிரலைத் துளைக்குச் சில செதில்கள் பின்னால், வாலின் மேல் வைத்து, துளையை நோக்கி உருட்டவேண்டும். ஆணாக இருந்தால் சிவந்த இரண்டு சிறு உறுப்புகள் இருபக்கமும் பிதுங்கி வெளியே வரும். பெண்ணாக இருந்தால் துளையின் உதடு கொஞ்சம் மேலெழும்பும், சில சமயம் இரண்டு சிறு புள்ளிகள் மட்டும் தெரியும். இந்தப் புள்ளிகளைப் பார்த்து ஆண் என்று எழுதிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

எழுத்தில் படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. இந்த முறையின் ரகசியம் முழுவதும் விரலின் அழுத்தத்தில் இருக்கிறது, அதை எழுதியோ படம் பிடித்தோ காட்ட முடியாது. அழுத்தவேண்டியது அமுக்கி நசுக்குவதுபோல் இருக்கக்கூடாது, உருட்டல் மட்டுமே. மெல்லிய குட்டியின் வாலில் முதுகெலும்பு, ரத்த நாளம், நரம்பு எல்லாம் சில மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அதிகமாக அழுத்தினால் உள்ளே ரத்தம் கட்டும், வாலெலும்பு பிசகும், வெளியே வந்த உறுப்பு திரும்ப உள்ளே போகாமல் வீங்கிக் காய்ந்துபோகும். அப்படிக் காய்ந்த உறுப்பைச் சில சமயம் வெட்டி எடுக்கவேண்டியிருக்கும். ஆண் பாம்புக்கு இரண்டு இருப்பதால் ஒன்றை இழந்தாலும் இனப்பெருக்கம் செய்யும், ஆனால் ஒரு ஆவலுக்காக அந்த உயிருக்கு இவ்வளவு வலி கொடுக்கவேண்டியதில்லை. பச்சை மரப் பைத்தான் போன்ற மரவாழ் இனங்களின் குட்டிகளுக்கு இந்த முறையே கூடாது. அவற்றின் வால் மிக மென்மையானது, குட்டியில் ஏற்படும் சேதம் வாழ்நாள் முழுக்க வளைந்த வாலாக நின்றுவிடும்.

உங்கள் குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆகிறது. பாப்பிங் எளிதாக இருக்கும் கட்டத்தை அவை தாண்டிக்கொண்டிருக்கின்றன. பழகிய கையால் இன்னும் முடியலாம். ஆனால் இப்போது ஒரு குட்டியில் எதுவும் வெளியே வராவிட்டால், அது பெண் என்ற முடிவின் பலம் பிறந்த வாரத்தில் இருந்ததைவிடக் குறைவு. பாம்பு வளர வளர இந்த முறையின் “ஆண்” விடை மட்டும் அப்படியே நிற்கும், “பெண்” விடையின் மதிப்பு குறைந்துகொண்டே போகும்.

அடுத்தது ப்ரோபிங். நுனி உருண்டையாக மழுக்கப்பட்ட மெல்லிய எஃகுக் கம்பியை, நீரில் கரையும் சுத்தமான வழுக்குப் பசை தடவி, கழிவுத் துளையின் ஓரத்தில் வால்பக்கமாகச் செலுத்தி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பார்கள். நின்ற இடத்தில் விரலால் குறித்துக்கொண்டு, கம்பியை வெளியே எடுத்து வாலின் அடிப்பக்கத்தில் வைத்து எத்தனை செதில் நீளம் என்று எண்ணவேண்டும். செதில் கணக்கில் சொல்வதற்குக் காரணம், குட்டியானாலும் பெரியதானாலும் அந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்பதுதான். பல இனங்களில் பெண் என்றால் 2 முதல் 4 செதில் ஆழத்தில் கம்பி நின்றுவிடும். ஆண் என்றால் 7, 8-க்கு மேல், சில இனங்களில் பத்தைத் தாண்டியும் போகும். இரண்டு பக்கமும் பார்த்து ஒப்பிடவேண்டும். 5, 6 என்று நடுவில் நின்றால் முடிவு சொல்லாமல் விட்டுவிட்டுச் சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பதே நியாயம். இனத்துக்கு இனம் இந்த எண் மாறும். பிளட் பைத்தான் போன்ற குட்டை வால் இனங்களில் பெண்ணிலும் கம்பி எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போகக்கூடும் என்பதால் அங்கே பொதுக்கணக்கு உதவாது.

ப்ரோபிங்கில் தவறு இரண்டு பக்கமும் வரும். ஆண் பாம்பு வாலைச் சுருக்கி இறுக்கிக்கொண்டால் கம்பி பாதியிலேயே நின்று பெண்போலக் காட்டும். பொறுமையிழந்து கம்பியைத் தள்ளினால் பெண்ணின் மெல்லிய பை கிழிந்து கம்பி ஆழமாகப் போய் ஆண்போலக் காட்டும். பாலினமும் தவறு, காயமும் மிச்சம். சரியான தடிமனுள்ள கம்பி வேண்டும். மெல்லியதாக இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் மெல்லிய கம்பிதான் சுலபமாகத் துளைக்கும். லேசாகத் திருகிக்கொண்டே அதன் எடையிலேயே போகவிடவேண்டும், தடை வந்தால் நிறுத்தவேண்டும். ஒரு பாம்புக்குப் பயன்படுத்திய கம்பியைக் கிருமி நீக்கம் செய்யாமல் அடுத்ததற்குப் போடக்கூடாது. இரை தின்று சில நாள் ஆகாத பாம்பையும், கண் மங்கிச் சட்டை உரிக்கத் தயாராக இருக்கும் பாம்பையும், வீட்டுக்கு வந்து இன்னும் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பிக்காத பாம்பையும் இதற்காகத் தொடவேண்டாம். கார்ன் ஸ்நேக் போன்ற மெல்லிய குட்டிகளுக்கு நான் அவசரப்பட்டு ப்ரோபிங் செய்வதில்லை, கொஞ்சம் உடம்பு பிடித்த பிறகு வரச் சொல்வேன்.

போவா, பைத்தான் குடும்பங்களில் கழிவுத் துளையின் இருபக்கமும் நகம்போல இரண்டு சிறு முட்கள் இருக்கும். பின்னங்கால்களின் எச்சம் அவை. ஆணுக்குப் பெரிதாகவும் வளைவாகவும் இருக்கும் என்பார்கள். சராசரியில் அது சரிதான், தனியொரு பாம்பில் நம்பமுடியாது. உடைந்தும் தேய்ந்தும் போகும், பெரிய முள்ளோடு பெண்களும் உண்டு. சாண்ட் போவாக்களில் மட்டும் இது ஓரளவு கைகொடுக்கும். கார்ன் ஸ்நேக்குக்கு இந்த முட்களே கிடையாது என்பதால் உங்களுக்கு இது தேவைப்படாது. குணத்தை வைத்துச் சொல்வது, தலையின் வடிவத்தை வைத்துச் சொல்வது, நிறத்தை வைத்துச் சொல்வது போன்றவற்றைக் கார்ன் ஸ்நேக்கில் காதில் போட்டுக்கொள்ளவேண்டாம்.

மரபணுச் சோதனை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆமை, முதலை போன்றவற்றில் பல இனங்களுக்கு முட்டை அடைகாக்கும் வெப்பநிலைதான் குட்டியின் பாலினத்தை முடிவு செய்கிறது. பாம்பில் குரோமோசோம்கள் முடிவு செய்கின்றன. ஆகவே உரித்த சட்டையிலிருந்து மரபணுவை எடுத்துப் பாலினம் சொல்வது கொள்கையளவில் நல்ல வழி, குட்டியைத் தொடவே வேண்டாம். சிக்கல் என்னவென்றால் எல்லாப் பாம்புக்கும் ஒரே ஏற்பாடு இல்லை. கார்ன் ஸ்நேக் சேர்ந்த குடும்பம், விரியன்கள், நாகங்கள் இவற்றில் ZW முறை. பெண்ணுக்கு இரண்டு வேறுபட்ட குரோமோசோம்கள், ஆணுக்கு ஒரே மாதிரி இரண்டு. எல்லாப் பாம்புக்கும் இதுதான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 2017-இல் வெளியான ஆய்வு ஒரு போவாவிலும் ஒரு பைத்தானிலும் மனிதர்களைப்போல XY முறை இருப்பதைக் காட்டியது. பால் பைத்தான் (ball python) வளர்ப்பவர்கள் இதற்கு முன்பே ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார்கள். பனானா என்ற நிற வகையில், சில ஆண்களுக்குப் பிறக்கும் பனானாக் குட்டிகள் பெரும்பாலும் ஆணாகவும், வேறு சில ஆண்களுக்குப் பிறப்பவை பெரும்பாலும் பெண்ணாகவும் இருந்தன. அந்த நிற மரபணு பாலினக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது, அந்த ஆண் அதைத் தாயிடமிருந்து பெற்றதா தந்தையிடமிருந்து பெற்றதா என்பதைப் பொறுத்து இப்படி வருகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக விழுகிறது. இவ்வளவு சொல்வதற்குக் காரணம், ஒரு இனத்துக்கான சோதனை இன்னொன்றுக்குச் செல்லாது என்பதைப் புரியவைக்கத்தான். சோதனைக்கு அனுப்புவதானால், உங்கள் பாம்பின் இனத்திலேயே அந்த ஆய்வகம் அதைச் சரிபார்த்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். இரண்டு குட்டிகளின் சட்டைகளையும் கலந்துவிடாமல் தனித்தனியாகப் பெயர் எழுதி வையுங்கள்.

மருத்துவரிடம் வேறு வழிகளும் உண்டு. வளர்ந்த பாம்புக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தால் பெண்ணின் வயிற்றில் வளரும் கருமுட்டைகள் தெரியும், அது பெண் என்பதற்கான நேரடிச் சாட்சி. ஆனால் இனப்பெருக்கக் காலத்தில்தான் இது பயன்படும், பென்சில் தடிமன்கூட இல்லாத குட்டியில் ஒன்றும் கிடைக்காது. மயக்க மருந்து கொடுத்து, வாலடியில் உப்புநீர் செலுத்தி உறுப்பை வெளியே வரவைக்கும் முறையும் இருக்கிறது. வேறு எதிலும் முடிவு கிடைக்காத பெரிய பாம்புக்கு மட்டுமே நான் அதை யோசிப்பேன்.

இனி அவசரம் ஏன் இல்லை என்பது. கார்ன் ஸ்நேக் வளர்ப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: பெண்ணுக்கு 3 வயது, 3 அடி நீளம், 300 கிராம் எடை, இந்த மூன்றும் ஆன பிறகே ஜோடி சேர்ப்பது. இது துல்லியமான அறிவியல் எல்லை கிடையாது, ஆனாலும் நல்ல வழிகாட்டி. பால் பைத்தானில் பெண்ணுக்கு 1,500 கிராம் அளவுக்கு எடை வரும்வரை பலர் காத்திருப்பார்கள், ஆண் அதைவிட மிகச் சிறியதாக இருக்கும்போதே தயாராகிவிடும். உங்கள் குட்டிகள் அந்த நிலைக்கு வர இன்னும் இரண்டு, மூன்று வருடம் ஆகும். அதற்குள் வால் வித்தியாசம் தெளிவாகும், ப்ரோபிங் பாதுகாப்பாகச் செய்யும் அளவுக்கு உடம்பு வரும், ஆணாக இருந்தால் சில சமயம் உரித்த சட்டையில் கழிவுத் துளைக்குப் பின்னால் காய்ந்த விந்து அடைப்புகள் இரண்டு ஒட்டிக்கொண்டு வருவதையும் பார்க்கலாம். சட்டையைத் தூக்கி எறியும் முன் அந்த இடத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். வலியில்லாமல் கிடைக்கும் தகவல் அது.

காத்திருக்கும் காலத்தில் இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். “ஜோடிதானே, சேர்ந்தே வளரட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். விற்றவர் சொன்னது சரியாக இருந்தால், பெண் உடம்பு தேறும் முன்பே சினைப்பட்டுவிடும். சிறிய பெண்ணுக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்வது உயிர்போகும் விஷயம், அறுவை சிகிச்சை வரை போகும். அவர் சொன்னது தவறாக இருந்து இரண்டும் ஆணாக இருந்தால், வளர்ந்தபின் இனப்பெருக்கக் காலத்தில் சண்டை வரலாம். எந்தப் பாலினமாக இருந்தாலும், ஒன்று இரையைக் கக்கினாலோ கழிச்சல் ஏற்பட்டாலோ எது என்று தெரியாது, இரை நேரத்தில் ஒன்றையொன்று கவ்வும் ஆபத்தும் உண்டு. கிங் ஸ்நேக் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்கவேண்டும், அவை மற்ற பாம்பை விழுங்கிவிடும். பாம்புக்குத் துணை தேவைப்படாது. தனியாக இருப்பதே அதற்கு நிம்மதி.

நாளைக்கு “பெண்” என்று வைத்திருந்த பாம்பு முட்டை போட்டால் அதன் பாலினம் பற்றிய கேள்வி அதோடு முடிந்தது. ஆனால் பக்கத்துப் பெட்டிப் பாம்பு ஆண்தான் என்று அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆண் வாடையே இல்லாமலும் பெண் பாம்புகள் கருவற்ற முட்டைகளைப் போடும். பல இனங்களில் விந்தைப் பல மாதங்கள் உடம்பில் சேமித்து வைத்திருந்து பிறகு கருவுறும். போவா, பால் பைத்தான், ரெட்டிகுலேட்டட் பைத்தான் போன்றவற்றில் ஆண் சேராமலே பெண் குட்டி ஈன்றதும் மரபணுச் சோதனையில் உறுதியாகியிருக்கிறது. மண்ணுக்குள் வாழும் சின்னஞ்சிறு புழுப்பாம்பு இனம் ஒன்றில் பெண்கள் மட்டுமே இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாக ஆண் இல்லாமலே பெருகுகின்றன. எனவே ஒரு பாம்பின் பாலினத்துக்கு அந்தப் பாம்பிடமிருந்தே சாட்சி வரவேண்டும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? இன்றே இரண்டையும் தனிப் பெட்டிகளுக்கு மாற்றுங்கள். பெட்டிகளில் “ஆண்”, “பெண்” என்று எழுதாமல் வேறு பெயர் எழுதுங்கள், தவறான பெயர் ஒட்டிக்கொண்டால் பிறகு கண் அதையேதான் பார்க்கும். ஊர்வன மருத்துவம் பழகிய ஒருவரோ, பல அடைகள் எடுத்த அனுபவமுள்ள வளர்ப்பாளரோ அருகில் இருந்தால் அடுத்த மாதத்துக்குள் நேரில் காட்டுங்கள். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், பாலினம் ஏற்கெனவே தெரிந்த ஒரு பாம்பையும் உங்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஹெமிபீனிஸ் கண்ணில் பட்டால் அந்தக் குட்டியின் விஷயம் முடிந்தது. படாத குட்டியைப் “பெண்ணாக இருக்கலாம்” என்று குறித்து, ஒன்றரை இரண்டு வயதில் இன்னொருவரிடம், முந்தைய விடையைச் சொல்லாமல், ப்ரோபிங் செய்து பாருங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால், எடையும் வந்திருந்தால், ஜோடி சேர்க்கும் பேச்சை அப்போது எடுக்கலாம். இரண்டும் ஒரே அடைக் குட்டிகளா என்பதையும் விற்றவரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள், உடன்பிறந்தவையாக இருந்தால் வேறு இடத்திலிருந்து ஒரு துணை தேடுவதே நல்லது.